சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது? பாஸ்போர்ட் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாஸ்போர்ட் அலுவலக அதிகாரிகளுக்கும், விண்ணப்பப் படிவத்தை வடிவமைக்கிறவர்களுக்கும்,

வணக்கம். கிழக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், கரண்ட் போனால் அரை மணி நேரம் தாங்கும் ஒரு யூபிஎஸ். 14 வருஷமாகப் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது சவுதியிலோ துபாயிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அதனால் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பாஸ்போர்ட் புதுப்பிக்கத்தான் வருகிறார்கள்.

போன புதன்கிழமை காலையில் கடை திறந்ததும் ஒரு அண்ணன் வந்தார். சவுதியில் பத்து வருஷம் டைல்ஸ் வேலை பார்த்துவிட்டு, கணக்கு முடித்து ஊருக்கு வந்தவர். இப்போது அவருடைய மகன் துபாயில் வேலைக்குப் போயிருக்கிறான். மூன்று மாசம் அங்கே வந்து இரு என்று விசிட் விசாவுக்கு ஏற்பாடு செய்கிறானாம். பாஸ்போர்ட்டோ இன்னும் நாலு மாசத்தில் முடிகிறது. மடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். ஓரமெல்லாம் நைந்து, அட்டையில் இருந்த தங்க நிறம் போய், சிங்கங்கள் மங்கலாகத் தெரிந்தன.

திறந்து பார்த்தேன். சர்நேம் என்கிற இடம் காலியாக இருந்தது. கீழே பெயர், ஒரே ஒரு சொல்.

"அண்ணே, சர்நேம்ல என்ன போடட்டும்?"

"அப்படின்னா?"

"குடும்பப் பேரு மாதிரி."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்ம குடும்பத்துக்கு ஏதும்மா பேரு? ஊருக்குள்ள கொத்தனார் வீடும்பாங்க. அதைப் போடலாமா?"

இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் அவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பும் இல்லை. படிவம் கேட்டதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

எங்கள் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்று உங்களுக்கும் தெரியும். உங்கள் அலுவலகங்களில் இருக்கும் பலர் எங்களைப் போல இனிஷியல் வைத்தவர்கள்தான். அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால், நம் பெயர் பின்னால். எம். முருகன் என்றால் முருகன்தான் அவர், எம் என்பது அவருடைய அப்பா. பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலான வீடுகளில் இல்லை. ஒரு காலத்தில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அந்தப் பட்டத்தை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ்நாட்டுப் பக்கம் பெயருக்குப் பின்னால் இருந்தது உதிர்ந்துபோனது. எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் யோசித்துச் செய்த காரியம் அது. அந்தக் கட்டம் காலியாக இருப்பதில் எங்களுக்குப் பெருமைதான் உண்டு.

ஆனால் விமான நிலையத்தில் அந்தக் காலி இடத்துக்கு விலை இருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு அறிவிப்பு கொடுத்தது நினைவிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் இருந்தால், விசிட் விசாவிலோ சுற்றுலா விசாவிலோ வருகிறவர்களை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். அப்புறம் சில நாளில், பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அந்த நாலைந்து நாளும் என் கடையில் போன் ஓயவில்லை. டிக்கெட் போட்டவர்கள், கடன் வாங்கி விசா எடுத்தவர்கள், மகள் பிரசவத்துக்குக் கிளம்பி நின்ற அம்மாக்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் அதே காலி இடம். விளக்கம் வந்த பிறகும் ஏர்லைன்ஸ் கவுண்டரில் நிற்கிற பையனுக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே என்ற பயம் எங்களுக்கு இன்னும் போகவில்லை.

அமெரிக்க விசா இன்னொரு மாதிரி. சர்நேம் காலியாக இருந்தால் நம் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர் இடத்தில் வைத்துவிட்டு, பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்து அடிக்கிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். எங்கள் தெருவில் இன்ஜினியரிங் படித்த ஒரு தம்பி விசா ஒட்டி வந்த பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினான். "அக்கா, எம் பேரு எனக்கே தெரியலைன்னு போட்டிருக்காங்க" என்றான். அவனுக்கு அவனுடைய அம்மாச்சி ஆசை ஆசையாக வைத்த பெயர் அது. முழுசாக அந்தத் தாளிலேயே இருக்கிறது, ஆனால் இடம் மாறி.

சரி, அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டுவிடலாமே என்பீர்கள். அப்படித்தான் இப்போது நான் பெரும்பாலும் போடுகிறேன். படிவத்தில் இனிஷியல் போடக் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும் என்கிறபோது வேறு வழியும் இல்லை. ஆனால் அதன் பின்விளைவை நிரப்புகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டில் போய் இறங்கியதும் அவர் அவருடைய அப்பா ஆகிவிடுகிறார். கம்பெனியில் மிஸ்டர் என்று கூப்பிட்டு அப்பா பெயரைச் சொல்வார்கள். அப்பா இறந்து வருஷக்கணக்கான ஒருவருக்கு அந்தப் பெயரை யாரோ கத்திக் கூப்பிடும்போது மனசு என்ன பாடுபடும் என்று ஒரு அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெண்களுக்கு இன்னும் சிக்கல். சின்ன வயதில் அப்பா பெயர் சர்நேம் ஆகிறது. கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பிக்க வரும்போது, சர்நேம் என்றால் குடும்பப் பெயர்தானே என்று ஏதோ ஒரு கடையில் கணவர் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒரு பெயர், பாஸ்போர்ட் ஒரு பெயர், ஆதாரில் இனிஷியலோடு ஒரு பெயர். நர்ஸிங் படித்த பெண்ணொருத்தி இதனால் வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோய், அழுதுகொண்டு என் கடைக்கு வந்தாள்.

இதையெல்லாம் புதுப்பிக்கும்போது ஏன் சொல்கிறேன் என்றால், பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் அந்தக் கட்டம் எங்கள் கண் முன்னால் திறக்கிறது. அப்போது சரியாகப் போட்டால் பத்து வருஷம் நிம்மதி. தப்பாகப் போட்டால் பத்து வருஷம் அலைச்சல்.

மற்றபடி புதுப்பிக்கும் வேலை முன்பைவிட எவ்வளவோ சுலபமாகிவிட்டது, அதையும் நான் சொல்லியாக வேண்டும். என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது இதுதான்: பாஸ்போர்ட் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், கடைசி வரை காத்திருக்காதீர்கள், பல நாடுகள் ஆறு மாசம் மிச்சம் இருந்தால்தான் உள்ளே விடும். படிவத்தில் ஃப்ரெஷ் என்று இருக்கும், ரீ-இஷ்யூ என்று இருக்கும், நீங்கள் ரீ-இஷ்யூ. கட்டணம் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கம் வேண்டுமென்றால் 2,000, தட்கலில் போனால் அதற்கு மேல் இன்னொரு 2,000. பழைய பாஸ்போர்ட்டின் முதல் இரண்டு பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, நீங்களே கையெழுத்துப் போட்டு, ஒரிஜினலோடு கொண்டுபோங்கள். முடிந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் போலீஸ் விசாரணை உண்டு. கூகுளில் தேடினால் முதலில் வருகிற தளத்தில் எல்லாம் பணம் கட்டாதீர்கள், கடைசியில் ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா பாருங்கள்.

பாஸ்போர்ட் சேவா மையத்துக்கு உள்ளே போனால் டோக்கன். ஏ கவுண்டரில் போட்டோ, கைரேகை, ஸ்கேன். பி-யில் சரிபார்ப்பு, சி-யில் அனுமதி. சில சமயம் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். பழைய பாஸ்போர்ட்டில் ரத்து முத்திரை குத்தி, அட்டை மூலையை வெட்டிக் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அதில் செல்லுபடியாகும் விசா இருந்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். புதுசு ஸ்பீட் போஸ்ட்டில் வீட்டுக்கே வருகிறது. முன்பெல்லாம் இதற்காக இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு, முதல் நாள் ராத்திரியே பஸ் ஏறிப் போவார்கள். 2017-இல் தபால் நிலையங்களில் சேவா மையம் தொடங்கிய பிறகு பக்கத்து டவுனிலேயே முடிகிறது. இதற்காக நன்றி என்று மனதாரச் சொல்கிறேன். (ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: 60 வயது தாண்டியவர்களுக்குப் புது பாஸ்போர்ட்டில் 10 சதவீதம் சலுகை தருகிறீர்கள், புதுப்பிக்க வரும்போது தருவதில்லை. எங்கள் ஊரில் 60 தாண்டி வருகிறவர்கள் பெரும்பாலும் புதுப்பிக்கத்தான் வருகிறார்கள்.)

இவ்வளவு தூரம் சீர்செய்த இடத்தில் பெயர் விஷயம் மட்டும் எங்கள் தலையில் விட்டிருக்கிறீர்கள். அதை நிரப்புகிறவர் யார் தெரியுமா? பெரும்பாலும் என்னைப் போன்ற கடைக்காரர். பிளஸ் டூ முடித்துவிட்டு வேலைக்கு நிற்கிற ஒரு பையன். வாசலில் நாலு பேர் நிற்கும்போது அவசரத்தில் தட்டுகிற விரல்கள். தளம் திறந்தால் ஆங்கிலம், மாற்றினால் இந்தி. உங்கள் 1800 258 1800 எண்ணுக்கு அழைத்தால் தமிழில் பேசுகிறீர்கள். ஆனால் நாங்கள் தடுமாறுகிற அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு வரி இல்லை.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஆறேழு வருஷம் இருக்கும். ஒரு அம்மா, 60-ஐ ஒட்டி வயது, மலேசியாவில் இருக்கிற மகளைப் பார்க்கப் போவதற்காகப் புதுப்பிக்க வந்தார். அவருடைய அப்பா பெயர் சுப்பிரமணியன். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று உங்களுக்கே தெரியும். பழைய பாஸ்போர்ட்டில் கடைசி எழுத்து எம் (M), நான் என் (N) என்று அடித்துவிட்டேன். திரும்பப் பார்க்கவில்லை. அந்த அம்மா சேவா மையத்துக்குப் போனார். அங்கே ஏ கவுண்டரில் விண்ணப்பதாரர் பக்கம் ஒரு திரையைத் திருப்பி வைத்திருப்பார்கள். அதில் விவரமெல்லாம் வரும். "எல்லாம் சரியா இருக்கா, பாத்துக்கங்க" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நினைத்து "சரிங்க" என்று சொல்லிவிட்டார். கேட்டவர்கள் மேல் தப்பில்லை. முறைப்படி கேட்டார்கள். அந்த அம்மா மேலும் தப்பில்லை. படிக்கத் தெரியாத ஒன்றைக் காட்டி, சரிதானா என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்?

பாஸ்போர்ட் வந்தது. மகள் அங்கே விண்ணப்பித்த காகிதத்தில் ஒரு பெயர், இதில் ஒரு பெயர். அங்கே நின்றுபோனது. விவரம் திருத்துவதற்காக மறுபடியும் ரீ-இஷ்யூ, மறுபடியும் 1,500. பணத்தை நான் கட்டினேன், அது பெரிய விஷயமில்லை. பேத்திக்குக் காது குத்துகிற நாள் தாண்டிவிட்டது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடும்மா, எழுத்துத்தானே" என்றார். அந்தப் பழைய பாஸ்போர்ட்டைத் திரும்பப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். போட்டோவுக்குக் கீழே அவருடைய கையெழுத்து. கோணலாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதின தமிழ். அந்தப் புத்தகத்தில் அவரால் படிக்க முடிந்த ஒரே வார்த்தை அதுதான்.

அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். படிவத்தை அனுப்புவதற்கு முன்னால் ஆங்கிலத்தில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகத் தமிழில் வாசிக்கிறேன். பழைய பாஸ்போர்ட்டை அவர்கள் கையில் கொடுத்து, எழுத்து எழுத்தாக விரலை வைக்கச் சொல்கிறேன். கூடப் பத்து நிமிஷம் ஆகும்.

நான் கேட்பது அந்தப் பத்து நிமிஷத்தை நீங்களும் கொடுங்கள் என்றுதான். ஏ கவுண்டரில் அந்தத் திரையில் பெயரும் அப்பா பெயரும் வருகிற இடத்துக்குக் கீழே தமிழிலும் ஒரு வரி வரட்டும். முடியாத ஒன்றில்லை இது. ஆதார் அட்டையில் எங்கள் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகி வருகிறது. வாக்காளர் அட்டையிலும் அப்படித்தான். உங்கள் கவுண்டரிலேயே அந்த ஆதாரைத்தான் வாங்கி ஸ்கேன் செய்கிறீர்கள். பாஸ்போர்ட்டில் தமிழில் அச்சடியுங்கள் என்று இந்த மடலில் நான் கேட்க வரவில்லை. சரிபார்க்கிற அந்த ஒரு நிமிஷமாவது அவர்களுக்குத் தெரிந்த எழுத்தில் காட்டுங்கள் என்கிறேன். 2025 மார்ச்சில் சென்னையிலும் இ-பாஸ்போர்ட் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். இப்போது பெயர் தாளில் மட்டும் இல்லை, அட்டைக்குள் இருக்கிற சிப்பிலும் போய் உட்காருகிறது. தப்பான எழுத்தும் கூடவே போய் உட்காரும்.

அப்புறம் அந்த சர்நேம் கட்டம். அதற்குப் பக்கத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு உதாரணம் போடுங்கள். எம். முருகன், அப்பா பெயர் மாணிக்கம் என்றால் எந்தக் கட்டத்தில் எது வர வேண்டும், அப்படிப் போட்டால் விசாவிலும் டிக்கெட்டிலும் பெயர் எப்படி வரும், காலியாக விட்டால் எந்த நாட்டில் சிக்கல் வரலாம் என்று நாலு வரி, தமிழில். பெண்ணாக இருந்தால் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயரையே வைத்துக்கொள்ளலாம், மாற்ற வேண்டிய கட்டாயமில்லை என்று ஒரு வரி. இந்த ஐந்து வரி என் போன்ற கடைக்காரர்களுக்கும்தான். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். ஒரு கடையில் சொல்வதும் இன்னொரு கடையில் சொல்வதும் ஒத்துப்போவதில்லை.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, இதில்தான் அதிக அலைச்சல். ஒற்றைப் பெயர் வைத்திருந்தவர் புதுப்பிக்கும்போது அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்தால், அது பெயர் மாற்றமா இல்லையா? நான் அனுப்பிய ஒருவருக்கு ஒரு மையத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். இன்னொருவரைப் பத்திரிகை விளம்பரம் கொடுத்துவிட்டு வா, கெஜட்டில் போட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். அவருடைய பழைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் நீங்களே அச்சடித்த அப்பா பெயர் இருக்கிறது. அதே பெயரை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதற்கு எதற்கு விளம்பரம்? எது விதியோ அதை எல்லா மையத்திலும் ஒரே மாதிரி வைத்து, வாசல் போர்டில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வேலையில் இருக்கிறவருக்கு இக்காமாவும் (சவுதியில் தங்குவதற்கான அனுமதி அட்டை) லைசென்ஸும் பழைய பெயரில் இருக்கும், எப்போது மாற்றினால் நல்லது என்று அவரே யோசித்து முடிவெடுக்க அந்த போர்டு உதவும். முப்பது நாள் லீவில் வருகிறவருக்கு ஒரு முறை திரும்பிப் போவது என்பது லீவில் பாதி.

கொத்தனார் வீட்டு அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அன்று அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். சர்நேமில் அப்பா பெயர் போடலாம், துபாய்க்கு அதுதான் தைரியம், ஆனால் அங்கே உங்களை அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்கள் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். நான் அடிக்க அடிக்க, அவருடைய அப்பா பெயர் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "எங்கப்பா கப்பலையே பாத்ததில்லம்மா. அவரு பேரு பிளைட்ல போகட்டும்" என்றார்.

வருகிற வியாழக்கிழமை காலை 10:15-க்கு அவருக்கு அப்பாயிண்ட்மென்ட். பழைய பாஸ்போர்ட், ஆதார், அப்பா பெயர் அச்சாகியிருக்கிற கடைசிப் பக்கத்தின் ஜெராக்ஸ் இரண்டு செட், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கெஜட் கேட்பார்களா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

இப்படிக்கு,
படிவம் நிரப்பித் தருகிற ஒரு கடைக்காரி